தேனீக்களுக்கான சட்டம் விதை மூட்டையை எட்டிய கதை

அமெரிக்காவின் அயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ ஒரு விவசாயி வாங்கி வரும் மக்காச்சோள விதை மூட்டையைப் பிரித்தால், உள்ளே விதை மஞ்சளாக இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு சாயம் ஏறியிருக்கும். மருந்து பூசிய விதை, யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பல மூட்டைகளில் ஒவ்வொரு விதையின் மேலும் கால் மில்லிகிராமிலிருந்து ஒன்றேகால் மில்லிகிராம் வரை குளோத்தியானிடின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அல்லது அதன் உறவான தையாமீத்தாக்சம் இருக்கும். குளோத்தியானிடின் சுமார் 4 நானோகிராம் வயிற்றுக்குள் போனால் தேனீக்களில் பாதி செத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குறைந்தபட்ச அளவு பூசிய ஒரே ஒரு விதையில் 60,000 தேனீக்களுக்கு எமனாகக்கூடிய நஞ்சு இருக்கிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 விதை ஊன்றுகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் அந்த விதையைப் பூச்சிக்கொல்லியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

தேனீக்களையும் மற்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளையும் காப்பாற்ற அமெரிக்க மாநிலங்கள் பத்து வருடத்துக்கும் மேலாகச் சட்டம் போட்டு வருகின்றன. மேரிலாந்து, கனெக்டிகட், நியூ ஜெர்சி, மெய்ன், கலிபோர்னியா, நியூயார்க், வெர்மாண்ட் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் ஒரே நோக்கம்தான் என்றாலும் எல்லாம் ஒரே சட்டம் இல்லை. சில சட்டங்கள் கடை அலமாரியில் இருக்கும் மருந்து பாட்டிலை மட்டும் பார்த்தன. வெகு சிலதான் விதை மூட்டை வரைக்கும் போயின. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் "அந்த மாநிலம் தடை செய்துவிட்டது, இந்த மாநிலம் தடை செய்துவிட்டது" என்று செய்தி படிப்பதில் பயனில்லை. நஞ்சில் பெரும்பங்கு எந்த வழியாக மண்ணுக்குள் போகிறதோ, அந்த வழியைத்தான் பெரும்பாலான சட்டங்கள் தொடாமல் விட்டிருக்கின்றன.

முதலில் மருந்தைப் பற்றி. நியோனிகோட்டினாய்டு என்பது ஒரு குடும்பப் பெயர். இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தையாமீத்தாக்சம், டைனோடெஃப்யூரான், அசிட்டாமிபிரிட் எல்லாம் அதில் வரும். நம் ஊர் உரக்கடைகளில் 'கான்பிடார்' என்று கேட்டு வாங்குவது இமிடாகுளோபிரிட்தான். 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. புகையிலையில் உள்ள நிகோட்டினைப் போலவே பூச்சியின் நரம்பைத் தாக்கும். மனிதர் முதலான பாலூட்டிகளின் நரம்பில் அந்த அளவுக்குப் பற்றாது என்பதால், பழைய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளோடு ஒப்பிடும்போது தெளிக்கிறவருக்கு ஆபத்து குறைவு. இதை வரவேற்றதில் தப்பே இல்லை. மோனோகுரோட்டோபாஸ் போன்றவை எத்தனை உயிரைக் குடித்தன என்பது நமக்குத் தெரியும்.

இந்த மருந்தின் பெரிய பலம், அது செடிக்குள் ஊடுருவிப் பாயும் என்பது. விதையில் பூசினால் போதும், வேர் வழியாக ஏறித் தண்டு, இலை என்று முழுச் செடியும் பூச்சிக்கு நஞ்சாகிவிடும். கடிக்கிற பூச்சியும் சாறு உறிஞ்சுகிற பூச்சியும் சாகும். ஆனால் அந்த ஓட்டம் இலையோடு நிற்பதில்லை. மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போகிறது. அங்கே வருவது தேனீ. அளவு குறைவு என்பதால் பெரும்பாலும் உடனே சாவதில்லை. கூட்டுக்குத் திரும்பும் வழியைத் தவறவிடுகிறது, இரை தேடும் திறன் குறைகிறது. பம்பிள்பீ என்ற பெரிய காட்டுத் தேனீயின் கூடுகளில் புதிய ராணிகள் குறைகின்றன. செத்து விழுந்த தேனீயை எண்ணலாம். திரும்பி வராத தேனீயை யார் எண்ணுவது? ஒழுங்குமுறை அமைப்புகள் பல வருடம் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுகிறது. விதையில் பூசிய மருந்தில் செடி எடுத்துக்கொள்வது சராசரியாக 5 சதவீத அளவுதான். மீதி மண்ணில் தங்குகிறது, மழையோடு ஓடையில் கலக்கிறது, கொஞ்சம் விதைக்கும்போதே தூசியாகப் பறக்கிறது. சில வகை மண்ணில் குளோத்தியானிடின் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஆக, ஒவ்வொரு வருடமும் போடுவது போன வருட மிச்சத்தின் மேல் சேர்கிறது. தூசி எவ்வளவு மோசம் என்பதை ஜெர்மனி 2008-ல் பார்த்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்த நாட்களில், விதையில் சரியாக ஒட்டாத குளோத்தியானிடின் பூச்சு விதைப்புக் கருவியின் காற்றோடு வெளியேறிப் பக்கத்திலிருந்த பூக்களில் படிந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. ஜெர்மன் அரசு சில நாட்களிலேயே அந்த விதை நேர்த்தி மருந்துகளின் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் தேனீக்களை ஈர்க்கும் பயிர்களிலும், 2018-ல் திறந்தவெளிச் சாகுபடி முழுவதிலும் மூன்று முக்கிய நியோனிகோட்டினாய்டுகளைத் தடுத்தது. அதன்பிறகும் உறுப்பு நாடுகள் 'அவசர அனுமதி' என்ற பெயரில் பூசிய விதையை விட்டுக்கொண்டே இருந்தன. 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம்தான் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது.

தேனீக்களின் அழிவுக்கு மருந்து மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வளர்ப்புத் தேனீக்களின் முதல் எதிரி வர்ரோவா என்ற உண்ணி. அதோடு வைரஸ் நோய்கள், பூவே இல்லாமல் போன நிலப்பரப்பு என்று சேர்ந்துகொள்கின்றன. வளர்ப்புத் தேனீ செத்தால் தேனீ வளர்ப்பவர் கூட்டைப் பிரித்து எண்ணிக்கையை மீட்டுக்கொள்ள முடியும். அது பெரிய பண நஷ்டம், ஆனாலும் மீட்க முடியும். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 வகைக் காட்டுத் தேனீக்கள் இருக்கின்றன. அவற்றில் பல மண்ணுக்குள் வளை தோண்டித் தனித்தனியே வாழ்பவை. அந்த மண்ணிலேயே நஞ்சு தங்கினால் அவற்றுக்காகக் கணக்குக் கேட்க யாருமில்லை. ஒரு காலத்தில் வடகிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் சாதாரணமாகத் தென்பட்ட துருநிறத் திட்டு பம்பிள்பீ, 2017-ல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் கண்டப் பகுதியில் ஒரு தேனீ அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிக்கான அடிப்படைச் சட்டம் 1947-ல் வந்து, 1972-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. சுருக்கமாக 'ஃபிஃப்ரா' என்பார்கள். எந்த மருந்தையும் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்த பிறகுதான் விற்கலாம். லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பதும் முகமையின் முடிவு. லேபிளில் சொன்னதை மீறித் தெளித்தாலே குற்றம். மாநிலங்களுக்கு இதில் ஒரு வலுவான அதிகாரம் தரப்பட்டிருக்கிறது: கூட்டரசு அனுமதித்த மருந்தையும் தம் எல்லைக்குள் விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது, இன்னார் மட்டுமே பயன்படுத்தலாம் என்று மாநிலம் கட்டுப்படுத்தலாம். லேபிளை மாற்று என்று மட்டும் கேட்க முடியாது.

ஊராட்சிகள் நிலைமை வேறு. விஸ்கான்சினில் கேசி என்ற சிற்றூர் தன் எல்லைக்குள் மருந்து தெளிக்கக் கட்டுப்பாடு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-ல் ஊருக்கு அந்த உரிமை உண்டு, ஃபிஃப்ரா அதைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. தொழில்துறை சும்மா இருக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் மாநிலம் மாநிலமாகப் போய், ஊராட்சிகள் தனியாகப் பூச்சிக்கொல்லி விதி போடக் கூடாது என்று சட்டம் இயற்ற வைத்தார்கள். இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்படித்தான். அதனால்தான் இந்தப் போராட்டம் நகரமன்றங்களை விட்டு மாநிலத் தலைநகரங்களில் நடக்கிறது.

அந்தப் போராட்டத்துக்குச் சூடு கொடுத்தது ஓரிகானில் நடந்த ஒரு கொடுமை. 2013 ஜூனில் வில்சன்வில் நகரில், ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்துமிடத்தில் பூத்து நின்ற லிண்டன் மரங்களுக்கு டைனோடெஃப்யூரான் தெளித்தார்கள். காரணம் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. அது கசியவிடும் பிசுபிசுப்பு கீழே நிற்கும் கார்களின் மேல் சொட்டுகிறதாம். அடுத்த நாட்களில் சுமார் 50,000 பம்பிள்பீக்கள் செத்துத் தரையில் கிடந்தன. மேலும் சாகாமல் இருக்க மரங்களுக்கு வலை போர்த்தினார்கள். பூத்திருக்கும் மரத்தில் தேனீ வரும் நேரம் தெளிக்கக் கூடாது என்று லேபிளிலேயே இருந்தது. தெளித்தவர்களுக்குக் கிடைத்ததோ சில நூறு டாலர் அபராதம். 2015-ல் ஓரிகான், நான்கு நியோனிகோட்டினாய்டுகளை லிண்டன் மரங்களில் எந்தக் காலத்திலும் போடக் கூடாது என்று விதித்தது. ஒரு மரவகைக்கு மட்டும் ஒரு தடை! சிறியதுதான், ஆனால் அதில் ஒரு நல்ல பாடம் இருந்தது: 'கவனமாகத் தெளி' என்று எழுதி வைப்பதைவிட, தெளிக்கவே கூடாது என்ற விதியை நடைமுறைப்படுத்துவது எளிது.

இதே காலத்தில் கூட்டரசு வேறொரு பாதையில் போனது. 2014-ல் அதிபர் ஒபாமா மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளுக்காகப் பணிக்குழு அமைத்தார். மாநிலங்கள் தேனீப் பாதுகாப்புத் திட்டங்கள் தயாரிக்க ஊக்கம் தரப்பட்டது. பெரும்பாலான திட்டங்களில் இருந்தது என்னவென்றால், மருந்து தெளிப்பதற்கு முன் தேனீ வளர்ப்பவருக்குத் தகவல் சொல்லுங்கள், அவர் பெட்டிகளை நகர்த்திக்கொள்ளட்டும் என்பதுதான். பேச்சு நடப்பது நல்லது. ஆனால் மண்ணுக்குள் வாழும் காட்டுத் தேனீயை யார் எங்கே நகர்த்துவது? பூசிய விதைக்கு 'தெளிப்பதற்கு முன்' என்று ஒரு நேரம் உண்டா? எல்லாமே விருப்பத்தின் பேரில் என்பதால், இந்தத் திட்டங்கள் மருந்தின் அளவைக் குறைத்ததாக நான் எங்கும் பார்க்கவில்லை.

2016-ல் மேரிலாந்தும் கனெக்டிகட்டும் சட்டம் போட்டன. மேரிலாந்து ஆளுநர் லாரி ஹோகன் கையெழுத்துப் போடாமலே அது சட்டமாக விட்டுவிட்டார்; 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் கடையில் நியோனிகோட்டினாய்டு வாங்கித் தோட்டத்தில் அடிக்க முடியாது. உரிமம் பெற்றவர், விவசாயி போன்றோர் பயன்படுத்தலாம். பிறகு மெய்ன் 2021-லும், நியூ ஜெர்சி 2022-லும், கொலராடோ, கலிபோர்னியா 2023-லும், வாஷிங்டன் 2024-லும் இதே தடத்தில் வந்தன. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் வீட்டுத் தோட்டத்துக்கு இதைப் பொதுமக்களுக்கு விற்க முடியாது.

இந்தச் சட்டங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டுக்காரர்கள் அளவு பார்க்காமல் ஊற்றுவார்கள், ரோஜாச் செடிக்கு வயலில் அனுமதித்ததைவிட அதிக அளவு போடலாம் என்று லேபிளே சொன்ன காலம் உண்டு. அந்த வழியை அடைத்தது நல்ல வேலை. ஆனால் சட்டமன்றங்கள் ஏன் அங்கே தொடங்கின என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டக்காரர்களுக்குச் சங்கம் இல்லை. மக்காச்சோள விவசாயிக்கும் விதை நிறுவனத்துக்கும் இருக்கிறது. எதிர்ப்புக் குறைந்த இடத்தில் கை வைத்தார்கள். மேரிலாந்துச் சட்டத்திலேயே பூசிய விதைக்கு விலக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

கலிபோர்னியா கொஞ்சம் மேலே போனது. பாதாம் தோப்புகளுக்காக ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் நாட்டின் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதி அங்கே லாரியில் வந்து சேர்கிறது என்பதால், தேனீ அங்கே நேரடியான பணவிஷயம். மாநிலப் பூச்சிக்கொல்லித் துறை 2009-ல் மறு ஆய்வைத் தொடங்கி, சட்டமன்றம் கெடு வைத்த பிறகு, 2024 ஜனவரியில் பயிர்வாரியாக விதிகளைக் கொண்டுவந்தது. பூக்கும் காலத்தில் போடக் கூடாது, ஒரு பருவத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. பதினைந்து வருடம் ஆனாலும் வயலுக்குள் நுழைந்த விதிகள் அவை. அவற்றிலும் பூசிய விதை வரவில்லை.

இனி அந்த ஓட்டைக்கு வருவோம். மருந்து கலந்த ஒரு பொருள், அந்தப் பொருளைக் காப்பதற்காகவே மருந்தைக் கொண்டிருந்தால், அதைத் தனியாகப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்யத் தேவையில்லை என்று கூட்டரசு விதி சொல்கிறது. கரையான் தாக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரப்பலகைக்கு எழுதியது போன்ற விதி. விதையையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பலகைக்குள் இருக்கும் மருந்து பலகையோடு நிற்கும். விதையில் இருக்கும் மருந்து செடி முழுக்கப் போவதற்காகவே பூசப்படுகிறது. விதையை மட்டும் காப்பது அதன் வேலை இல்லை. தேனீ வளர்ப்போரும் சில அமைப்புகளும் இந்த விளக்கத்தை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள், 2022-ல் முகமை அதை நிராகரித்தது. மருந்தைப் பதிவு செய்யும்போதே விதைப் பூச்சின் விளைவையும் பரிசீலித்துவிட்டோம் என்பது முகமையின் வாதம்.

விதை பூச்சிக்கொல்லி ஆகாததால் அதை விதைப்பதும் 'மருந்துப் பயன்பாடு' ஆகாது. எவ்வளவு விதைத்தார்கள் என்று பதிவேடு வைக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் நாடு முழுக்க எந்த மருந்து எவ்வளவு போகிறது என்று வரைபடம் வெளியிடுகிறது. அதற்குத் தரவு தரும் தனியார் நிறுவனம் 2015 முதல் விதை நேர்த்திக் கணக்கைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அந்த வருடத்திலிருந்து வரைபடத்தில் நியோனிகோட்டினாய்டு திடீரென்று சரிந்தது போலத் தெரிகிறது. வயலில் எதுவும் சரியவில்லை. மக்காச்சோள விதை ஏறத்தாழ முழுவதும் பூசியேதான் விற்பனைக்கு வருகிறது. கிட்டத்தட்ட 9 கோடி ஏக்கர் பயிரில் போகும் ஒரு நஞ்சுக்கு அரசிடம் பொதுக் கணக்கே இல்லை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

நெப்ராஸ்காவின் மீட் என்ற சிற்றூரில் இந்த ஓட்டையின் விலை என்ன என்று தெரிந்தது. விற்காமல் மிஞ்சிய பூசிய விதையை விதை நிறுவனங்கள் எங்கேயாவது தீர்த்தாக வேண்டும். மீட்டில் இருந்த ஆல்டென் என்ற எத்தனால் ஆலை அதைப் பெற்றுச் சாராயம் வடித்தது. வழக்கமாக எத்தனால் ஆலையின் சக்கை மாட்டுத் தீவனமாகப் போகும். இந்தச் சக்கையை மாடு தின்ன முடியாது. ஆலை வளாகத்தில் மலையாகக் குவிந்தது, கொஞ்சம் மண்ணுக்கு உரம் என்று வயல்களுக்கும் போனது. பக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வுப் பண்ணை வைத்திருந்த தேனீக் கூடுகள் வருடா வருடம் செத்தன. ஊர் மக்கள் நாற்றம், உடல் உபாதை என்று முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் மாநிலம் ஆலையை மூட வைத்தது. அதே வருடம் பூசிய விதையில் எத்தனால் வடிப்பதைக் கட்டுப்படுத்திச் சட்டமும் போட்டது. விதை மூட்டையில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு, சக்கை மலையாகக் குவிந்தபோதுதான் சட்டத்தின் கண்ணில் பட்டது.

இவ்வளவு நஞ்சால் விளைச்சல் கூடுகிறதா என்று கேட்டால், பதில் விவசாயிக்கே ஏமாற்றம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2014-ல் சோயா விதைப் பூச்சை ஆராய்ந்து, பெரும்பாலான சூழ்நிலைகளில் சொல்லும்படியான பலன் இல்லை என்றது. கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க் மாநிலத்துக்காக 2020-ல் தயாரித்த 400 பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கை, மக்காச்சோளத்திலும் சோயாவிலும் பூசிய விதையால் விவசாயிக்குத் தொடர்ச்சியான வருமான லாபம் தெரியவில்லை என்றது. அதே அறிக்கை ஆப்பிள், காய்கறி போன்ற சில பயிர்களில் இந்த மருந்துக்கு உண்மையான பயன் உண்டு என்றும் சொன்னது. அந்த நேர்மைதான் பிறகு வந்த சட்டத்துக்கு அடித்தளம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2012 முதல் 2016 வரை 84 வயல்களில் சோதித்துப் பார்த்தார்கள். பூச்சு தேவைப்பட்டது 5 சதவீதத்துக்கும் குறைவான இடங்களில்தான்.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? வேறு விதை கிடைப்பதில்லை. நல்ல வீரிய ரகம் வேண்டுமென்றால் பூசித்தான் வரும். பூசாதது வேண்டும் என்றால் பல மாதம் முன்னாலேயே சொல்ல வேண்டும், விற்பனையாளர் முகம் சுளிப்பார். இன்னொரு பக்கம், பயமும் நியாயமானதுதான். வெர்மாண்ட், நியூயார்க்கின் பால்பண்ணைக்காரர்கள் குளிர் விலகியதும் சாணம் இறைத்த ஈர மண்ணில் சீக்கிரமே மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். மட்கும் பொருள் நிறைந்த அந்த மண் விதைப்புழுவுக்கு மிகவும் பிடித்த இடம். அது தாக்கிய வயலை மறுபடியும் விதைத்தாக வேண்டும், அந்தக் கோடையின் தீவனமே ஆட்டம் காணும். விதைத்த பிறகு தெளித்துக் காப்பாற்ற வழியும் இல்லை. நூறில் ஐந்து பேருக்கு நேரும் இந்த நஷ்டத்துக்காக நூறு பேரும் நஞ்சு விதைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கியூபெக் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. 2018-ல் போட்ட விதிப்படி, 2019 முதல் நியோனிகோட்டினாய்டு பூசிய விதை வேண்டுமென்றால் வேளாண் வல்லுநர் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது என்பது போல. சில வருடங்களிலேயே மக்காச்சோளத்தில் இந்தப் பூச்சு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எழுதிக் கொடுக்க வேண்டிய காரணம் அநேகமாக யாருக்குமே இல்லை என்பது வெட்டவெளிச்சமானது.

அந்த விதியின் பின்னால் ஒரு மனிதரின் கதையும் இருக்கிறது. லூயி ரோபேர் கியூபெக் வேளாண் அமைச்சகத்தில் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்த வேளாண் வல்லுநர். பொதுப்பணத்தில் நடக்கும் தானிய ஆராய்ச்சி மையத்தில், பூச்சிக்கொல்லி பற்றிய ஆய்வில் தனியார் நலன்கள் தலையிடுகின்றன என்று அவர் உள்ளே புகார் சொன்னார், பிறகு தகவல் பத்திரிகைக்குப் போனது. 2019 ஜனவரியில் அவரை வேலையை விட்டே நீக்கினார்கள். மக்கள் கொதித்தார்கள். விசாரித்த மாகாண முறைகேள் அலுவலர், அமைச்சகம் அவரைப் பாதுகாக்கத் தவறியது என்று அறிக்கை கொடுத்தார். அரசு மன்னிப்புக் கேட்டு அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. விதைக்கடை விற்பனையிலிருந்து சம்பளம் வாங்காத ஒருவர் வயலைப் பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு முக்கியம் என்று அவர் விஷயத்தில் தெரிந்தது. எழுதிக் கொடுக்கும் வல்லுநரே விதை நிறுவனத்தின் ஆளாக இருந்தால் சீட்டுக்கு மதிப்பேது? பக்கத்து ஒன்டாரியோ மாகாணம் 2015-ல், கியூபெக்குக்கும் முன்னாலேயே, பூச்சித் தாக்குதலை நிரூபித்தால்தான் பூசிய விதை என்று விதித்தது. பின்னால் வந்த அரசு 2020-ல் அந்த விதிகளைத் தளர்த்திவிட்டது.

அமெரிக்காவில் விதைக்குக் கை நீட்டிய முதல் மாநிலம் நியூயார்க். 'பறவைகள், தேனீக்கள் பாதுகாப்புச் சட்டம்' 2023-ல் இரு அவைகளிலும் நிறைவேறி, டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்டார். பெயரில் பறவை வந்ததற்குக் காரணம் உண்டு: வயலில் சிந்திய பூசிய விதை ஒன்றைத் தின்றாலே ஒரு சிறு குருவி சாகலாம். மக்காச்சோளம், சோயா, கோதுமை ஆகிய மூன்றின் பூசிய விதைக்கும் தடை. தோட்டத்திலும் புல்தரையிலும் அலங்காரத்துக்காகப் போடுவதற்கும் தடை. ஆப்பிளுக்கும் காய்கறிக்கும் தடை இல்லை. கார்னெல் அறிக்கை எங்கே பயன் இல்லை என்றதோ அங்கே மட்டும் கத்தி வைத்தார்கள். பூச்சி அபாயத்தை மதிப்பிட்டுக் காட்டும் விவசாயிக்கு விலக்குப் பெற வழியும் இருக்கிறது. கையெழுத்துக்காக நடந்த பேரத்தில், 2027-ல் தொடங்க வேண்டிய விதைத் தடை 2029 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அடுத்து வெர்மாண்ட். 2024-ல் சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் ஃபில் ஸ்காட் திருப்பி அனுப்பினார். பால்பண்ணைகள் ஏற்கெனவே தள்ளாடுகின்றன, இதையும் சுமத்த வேண்டாம் என்றார். ஜூனில் சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அவரது மறுப்பை மீறியது. வெர்மாண்டின் விதைத் தடையும் 2029-ல்தான், அதுவும் நியூயார்க்கின் தடையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. சின்ன மாநிலத்துக்காக மட்டும் பூசாத விதையை நிறுவனங்கள் தயாரிக்க மாட்டா, பெரிய சந்தை முதலில் அசைய வேண்டும் என்ற கணக்கு. இதை ஒரு தந்திரமாக நான் ரசிக்கிறேன், ஆனால் பயமும் இருக்கிறது: நியூயார்க் மறுபடி ஒருமுறை தேதியைத் தள்ளினால் இரண்டும் சேர்ந்தே விழும்.

இதைப் படிக்கும்போது நம் நாட்டு மாநிலங்களின் அதிகாரம் எவ்வளவு சின்னது என்று தோன்றாமல் இருக்காது. இந்தியாவின் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம், பிரிவு 27-ன்படி, ஒரு மருந்தை மாநில அரசு 60 நாள் தடுத்து வைக்கலாம், விசாரணை முடியவில்லை என்றால் இன்னும் 30 நாள். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு தடுத்தபோது 60 நாள்தான் தடுக்க முடிந்தது. இமிடாகுளோபிரிட், தையாமீத்தாக்சம் உள்ளிட்ட மருந்துகளைப் பஞ்சாப் 60 நாள் தடுத்திருக்கிறது, ஆனால் அது பாசுமதி ஏற்றுமதியில் எச்சம் தெரியாமல் இருப்பதற்காக, தேனீக்காக இல்லை. படைப்புழு வந்த பிறகு நம் மக்காச்சோளத்துக்கும் தையாமீத்தாக்சம் சேர்ந்த விதை நேர்த்தி மருந்து பரிந்துரையில் இருக்கிறது. பெரம்பலூர் விவசாயியும் நெப்ராஸ்கா விவசாயியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

நியூயார்க் சட்டத்தைப் புகழ்ந்தாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. தடை ஒரு வேதிக் குடும்பத்துக்குத்தான். கியூபெக்கில் நியோனிகோட்டினாய்டு போன இடத்தில் பல விதைகளுக்கு குளோரான்ட்ரனிலிபுரோல் என்ற வேறு மருந்து ஏறிவிட்டது. தேனீக்கு அதன் ஆபத்து குறைவு, ஆனால் அதுவும் மண்ணில் நெடுநாள் தங்கும், நீர்வாழ் உயிர்களைத் தாக்கும். தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லா விதைக்கும் ஏதோ ஒன்றைப் பூசுவது என்ற பழக்கம் அப்படியே நிற்கிறது, பூசும் சரக்குதான் மாறியிருக்கிறது. மருந்தின் பெயரை எழுதித் தடுப்பதோடு, எந்த மருந்தானாலும் வயலைப் பார்த்த பிறகே பூசிய விதை என்று எழுதுவதுதான் சரியான சட்டம் என்பது என் கருத்து.

2029 வசந்தத்தில் ஊன்ற வேண்டிய விதைக்கு 2028 இலையுதிர் காலத்திலேயே விவசாயிகள் பதிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் நியூயார்க் அரசு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. விலக்குக்கு விண்ணப்பம் எப்படி, வயலை யார் மதிப்பிடுவது, விதைப்புழு வெளிவரும் காலத்தை வெப்பநிலையை வைத்து முன்கூட்டியே சொல்லி விதைக்கும் தேதியைத் தள்ளி வைக்க விவசாயிக்கு யார் உதவுவது, பூசாத விதை எந்தெந்த ரகத்தில் எத்தனை மூட்டை கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் யார் கேட்டு வாங்குவது. இவை முடிவாகாமல் அந்த இலையுதிர் காலம் வந்தால், பால்பண்ணைக்காரர்கள் நியாயமாகவே பயந்துபோய் இன்னொரு தள்ளிவைப்பைக் கேட்பார்கள், சட்டமன்றமும் கொடுத்துவிடும்.